புதிதாயிருந்த வயலின்

கிண்ணியாவிலிருந்து உவைஸ் நானா
ஐஸ்பெட்டியில் குடல் அனுப்பியிருக்கிறார்.
எட்டு ஆட்டினது. ரசீதில்
'இசைக்கு' என்று எழுதி
கீழே கோடும் போட்டிருக்கிறார்.

சாம்பல் தண்ணீரில் மூன்று நாள்.
பிறகு மூங்கில் சிராயால் கொழுப்பை வழிக்கவேண்டும்,
கிழியாமல், அவசரப்படாமல், வாயால் மூச்சுவிட்டு.
பக்கத்துக் காணி கஸில்டா ஓக்கர்ஸ்
யன்னலை அறைந்து சாத்தும் சத்தம்
எந்தச் சுரம் என்றுகூட இப்போது சொல்வேன்.

முறுக்கிய ஈரக்குடலை
மதிலின் இந்த ஆணிக்கும் அந்த ஆணிக்கும் இழுத்துக் கட்டினால்
வெயிலேற ஏறக் கண்ணாடியாகிவிடும்.
நரம்பு.
எங்கள் சொல் இன்னும்
இறைச்சிக்கடைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறது.
கம்பி வந்த பிறகு தந்தி என்றார்கள்.
தந்தி என்றால் எங்கள் வீட்டில்
யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம்.

கொட்பேயில் பதினொரு வருடம்
ஃபைபர் படகு வார்த்தவள் நான்.
ஒரே அச்சு.
கடலுக்குப் போய் வந்த எதுவும்
மற்றதைப்போல இருக்கவில்லை.

லைடனிலிருந்து மார்லுஸ் அனுப்பிய வரைபடம்
அசல் அளவிலேயே இருந்தது.
டொக்யார்ட் வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது
கோட்டை மான் ஒன்று பின்னால் வந்து
வயலினின் தலைச்சுருளைக்
காகிதத்தோடு தின்றுவிட்டது.
மிஞ்சியது கழுத்து:
இன்றையதைவிடக் குட்டை, சாயாமல் நேராக,
உள்ளேயிருந்து ஆணி அடித்துப் பொருத்தியது.
நாடியை வைக்கத் தாங்கி கிடையாது.
சுருளை உப்புவெளியில் பொறுக்கிய
ஒரு சங்கைப் பார்த்துச் செதுக்கினேன்.
அதைப்பற்றி மார்லுஸிடம் இன்னும் சொல்லவில்லை.

அவள் கேட்டது வேறு.
மூலைகளில் கரி தேய்க்கட்டாம்.
கை படும் இடத்தில் வார்னிஷை மங்கவைக்கட்டாம்.
முந்நூறு வருடம் புழங்கியதுபோல
நாலைந்து கீறல், அதிகம் வேண்டாமாம்.

எழுதினேன்:
அன்றைக்கு இதை வாசித்தவன்
பழம்பொருளைக் கையில் எடுக்கவில்லை.
பசை மணக்கும் பெட்டி அது.
அவன் சட்டையில் வார்னிஷ் ஒட்டியிருக்கும்.
அப்படியே வேண்டுமென்றால்
புதிதாகத்தான் தருவேன்.

ஒன்பது நாள் பதில் இல்லை.

வாடை தொடங்கிவிட்டது.
சுருதி நானூற்றுப் பதினைந்து,
இன்றைக்கு எல்லோரும் வைப்பதற்கு அரைச்சுரம் கீழே.
வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றி வருவதற்குள்
ஈரக்காற்று அதைத் தன் பாட்டுக்குத் திருகியிருக்கும்.
இரவு இரண்டு மணிக்கு முதல் நரம்பு அறுந்தது.

கண் விழித்தபோது
கட்டிலுக்கடியில் கிடந்தேன்,
இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு.

குடலை அந்தக் காலத்துக்கு முறுக்கியாயிற்று.
மரத்தை அந்தக் காலத்துக்குச் சீவியாயிற்று.
இந்தக் காதை
எத்தனை சுரம் கீழே இறக்க?

விடிந்ததும் கஸில்டா வந்தாள்,
மூக்கில் சேலைத் தலைப்போடு, சண்டைக்கு.
மேசையில் கிடந்ததைக் கண்டாள்.
'நாறுதுதான். எண்டாலும் தா பாப்பம்.'
அறுந்த நரம்பை மாற்றிக் கொடுத்தேன்.
நாடிக்குக் கொண்டுபோகவேயில்லை அவள்.
நெஞ்சில் தாழ்த்திச் சாய்த்து,
பாலையூற்றுக் கலியாண வீடுகளில் தகப்பன் பிடித்ததுபோல,
ஆட்டத்துக்கான ஏதோ இரண்டு வரி
பிசிறோடு இழுத்தாள்.

எப்படிப் பிடித்திருப்பார்கள் என்று
மார்லுஸ் எனக்குப் பதினாறு பக்கம் அனுப்பியிருந்தாள்.

தோளில் வார்னிஷ் இன்னும் காயவில்லை.
கஸில்டாவின் பெருவிரல் ரேகை
அங்கே பதிந்துவிட்டது, நடுவில் ஒரு பழைய வெட்டுக்காயத்தோடு.
ஐயோ என்றாள். துணியைத் தேடினாள்.
விடு என்றேன்.

பத்தாம் நாள் ஒற்றை வரி வந்தது:
'சரி, புதிதாகவே அனுப்பு. நரம்பு கூடுதலாக வை.'

சுங்கத் தாளில்
பொருளின் நிலை என்ற கட்டத்தில்
'புதிது' என்று எழுதினேன்.
பிறகு, கொஞ்சம் யோசித்து,
'ஒரு தடவை வாசித்தது.'